கோல்ஃப் கிளப்பை வெட்டலாமா? (உயரம் 5 அடி 4, பந்து எப்போதும் வலப்பக்கம்)

குன்னூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:
வயது 52. உயரம் 5 அடி 4 அங்குலம். வலக்கை ஆட்டம். மாமா கொடுத்த பழைய ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு) கோல்ஃப் செட்டில் ஒன்றரை வருடமாக ஆடுகிறேன். டிரைவர் (முதல் அடிக்கான நீளமான கிளப்), அயன் (இரும்புத் தலைக் கிளப்) எதை எடுத்தாலும் பந்து வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. நான் குள்ளம், கிளப் நீளம், ஒரு அங்குலம் வெட்டிவிடு என்கிறார் ஒருவர். ஃபிட்டிங் (உடம்புக்கு ஏற்றபடி கிளப்பை அளந்து தேர்வது) போய்ப் புது செட் வாங்கு என்கிறார் இன்னொருவர். ஃபிட்டிங் எல்லாம் டிவியில் வருகிற ஆட்களுக்கு, நமக்கு அது பில்லை ஏற்றுகிற வேலை என்பது என் எண்ணம். தப்பா?

12 ஜனவரி 2025, இரவு 10.20

வெட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அந்த ஹேக்ஸா பிளேடைக் கீழே வையுங்கள்.

வெட்டியவன் சொல்கிறேன். என் உயரம் 5 அடி 5, உங்களைவிட ஒரு அங்குலம் பெரிய மனிதன். 41 வயதில் சென்னை நந்தனத்தில் ஆட ஆரம்பித்தேன். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த நண்பர் ஒருவர் தன் செட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அவர் ஆறடி. ஆறடிக்காரன் கிளப் எனக்கு எப்படிச் சரிப்படும் என்று கணக்குப் போட்டு, ஒரு சனிக்கிழமை மதியம் மொட்டை மாடியில் உட்கார்ந்து எட்டு அயனுக்கும் கிரிப்பை (கைப்பிடி ரப்பர்) கிழித்து எடுத்து, பின்முனையில் ஒரு அங்குலம் அறுத்துத் தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரர் பைப் வேலையா சார் என்று கேட்டார்.

மறுநாள் ரேஞ்சில் (பயிற்சி மைதானம்) வீசிப் பார்த்தால் முனையில் தலையே இல்லாத மாதிரி இருந்தது. விளக்குமாற்றுக் குச்சியைச் சுழற்றுகிற உணர்வு. பத்துப் பந்தில் நான்கு பந்தின் உச்சந்தலையைத் தட்டிவிட்டு உருண்டன.

நான் உயரத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது மணிக்கட்டை. ஆடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள், கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள் (தானே குனிந்து அளந்தால் கை கீழே போய்விடும்). 34லிருந்து 36 அங்குலம் வந்தால் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் நீளமே போதும். பட்டியலுக்குப் பட்டியல் கொஞ்சம் மாறும். எனக்கு வந்தது 34½. ஆஜானுபாகு என்று முழங்கால் வரை கை நீண்டவரைச் சொல்வார்களே, நான் அதற்கு நேர் எதிர். கை குட்டையாக இருப்பதால் என் மணிக்கட்டு என்னைவிட நாலு அங்குலம் உயர்ந்த ஆளின் மணிக்கட்டு இருக்கும் இடத்தில் நிற்கிறது. வெட்டியே இருக்க வேண்டாம்.

அளந்து எழுதுங்கள்.

13 ஜனவரி, காலை 6.50

தலை ஏன் காணாமல் போனது என்று மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிளப்பைக் கையில் பிடித்து ஆட்டும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு, ஸ்விங்வெயிட் என்பார்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்து வரும் (சி9க்கு அடுத்தது டி0). ஆண்களுக்கான செட் பெரும்பாலும் டி0, டி1, டி2 என்று இருக்கும். நீளத்தில் அரை அங்குலம் போனால் ஏறக்குறைய மூன்று புள்ளி போய்விடும். நான் ஒரு அங்குலம் வெட்டியதில் டி1இல் இருந்தது சி5க்கு வந்துவிட்டது. திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் தலையில் ஒரு புள்ளிக்கு இரண்டு கிராம் கணக்கில் பன்னிரண்டு கிராம் ஈயப் பட்டை ஒட்ட வேண்டும். ஒட்டினேன். வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு மாதிரி அசிங்கமாக இருந்தது. கடைசியில் ஷாஃப்ட்டின் வாய்க்குள் செருகுகிற நீட்டிப்புத் துண்டு வாங்கி, அறுத்த அங்குலத்தைத் திரும்ப ஒட்டவைத்தேன். முடியை வெட்டிவிட்டு விக் வாங்கிய கதை.

13 ஜனவரி, இரவு 9.35

குன்னூர் சாருக்கு மணிக்கட்டு அளவு 32¾ வந்திருக்கிறது. சரி, உங்களுக்குக் கை நீளம். அப்படியானால் அரை அங்குலம் குறைப்பது நியாயம். ஆனாலும் வெட்ட வேண்டாம். ஒரு மாதம் கிரிப்பில் அரை அங்குலம் கீழிறக்கிப் பிடித்து ஆடிப் பாருங்கள், செலவில்லை.

இன்னொரு சோதனை. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு செங்குத்தாக, கிளப் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். ஏழாம் நம்பர் அயனால் அடியுங்கள். கோடு கிளப் முகத்தில் ஒட்டிக்கொண்டு வரும். முகத்தில் இருக்கிற வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாக நின்றால் லை, அதாவது தரைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள கோணம், உங்களுக்குப் பொருந்துகிறது. கோட்டின் மேல்முனை டோ பக்கம் (தலையின் நுனி) சாய்ந்தால் கிளப் உங்களுக்கு நிமிர்ந்து நிற்கிறது. ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேருமிடம்) சாய்ந்தால் படுத்துக் கிடக்கிறது.

உங்கள் அளவுக்குக் கோடு டோ பக்கம்தான் சாயும் என்று பந்தயம் கட்டுகிறேன். சாய்ந்தால் இரண்டு டிகிரி படுக்க வளைத்துக்கொள்ளுங்கள், பந்து நேராகிவிடும்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

இன்று ஆட்டம் இல்லை, அரட்டைதான்.

இந்த விளையாட்டுச் சொற்களை வைத்துக்கொண்டு தமிழ் வீட்டில் குடித்தனம் நடத்துவது கஷ்டம். பட்டர் (குழிப்பக்கம் பந்தை உருட்டுகிற கிளப்) மாற்ற வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, எந்தக் கோயில்ல என்றாள். கேடி (கிளப் பையைத் தூக்கி வருகிறவர்) சொன்னபடி கேட்டேன் என்றால் என் அண்ணன் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டதா என்கிறார். சிங்கப்பூர், மலேசியாவில் குழிப்பந்து என்று அழகாக எழுதுகிறார்கள். அங்கேயும் பட்டருக்கு வழி கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பட்டர் என்றதும் ஞாபகம். கார்ஸ்டன் சோல்ஹைம் என்று ஒருவர், நார்வேயில் பிறந்தவர், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியர். தனக்குப் பட்டிங் வரவில்லை என்று வீட்டு கராஜில் தானே ஒரு பட்டர் செய்துகொண்டார். 1959இல் அவர் செய்தது பந்தைத் தட்டும்போது 'பிங்' என்று ஒலித்தது. பிறகு கம்பெனிக்கே அதுதான் பெயர். அந்தக் கம்பெனி அயன்களில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். கறுப்புப் பொட்டு சாதாரண லை, நீலம் நிமிர்ந்தது, சிவப்பு படுத்தது. பழைய செட் வாங்குகிறவர்கள் பொட்டைப் பார்த்து வாங்குங்கள். பொட்டின் நிறம் பார்த்து வாங்குவதில் நமக்குப் பழக்கம் உண்டு.

17 ஜனவரி, இரவு 11.05

13ஆம் தேதி இரவு லையை வளைக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். முழுக்க.

சிங்கப்பூரிலிருந்து படிக்கிற நண்பர் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "அவர் பந்து வலப்பக்கம் போகிறது என்கிறார், நீங்கள் இன்னும் வலப்பக்கம் அனுப்ப வழி சொல்கிறீர்களே?" படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் கையில் கிளப் நிமிர்ந்து நின்றால், டோ தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும், முகம் இடப்பக்கம் பார்க்கும், பந்து இடப்பக்கம் போக வேண்டும். உயரம் குறைவு, கை நீளம், மாமாவின் செட், எல்லாம் சேர்ந்தால் குன்னூர் சாருக்குப் பந்து இடப்பக்கம் போவதுதான் நியாயம். அப்படியும் வலப்பக்கம் போகிறது என்றால், பந்தை அவ்வளவு பலமாக வலப்பக்கம் தள்ளுகிற வேறு ஏதோ உள்ளே இருக்கிறது. கிளப்பின் தவறு அந்தத் தவறைப் பாதி ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. நான் சொன்னபடி இரண்டு டிகிரி படுக்க வளைத்திருந்தால் அந்த ஈடும் போயிருக்கும். பந்து மரத்துக்குள் போய் நின்றிருக்காது, மரத்தைத் தாண்டி லாரி ரோட்டுக்குப் போயிருக்கும்.

இன்னொன்றும் விட்டுவிட்டேன். லை பேசுவது லாஃப்ட் (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) அதிகமான கிளப்பில்தான். வெட்ஜில் (பந்தை உயரத் தூக்குகிற குட்டைக் கிளப்) இரண்டு டிகிரி தப்பினால் நன்றாகத் தெரியும். டிரைவரில் லாஃப்ட் பத்துப் பதினொன்று டிகிரி, அதில் லை தப்புவது பந்தின் திசையை அவ்வளவாக மாற்றாது. அவருடைய டிரைவரும் வலப்பக்கம் போகிறது என்று முதல் நாளே எழுதியிருந்தார். அதைப் படித்த கண்ணோடுதான் லையைப் பற்றி எழுதினேன். வயசு 58, கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஆக, சார், எதையும் வளைக்காதீர்கள். முதலில் கையைப் பார்ப்போம். கிரிப்பைப் பிடித்தபடி ஒரு படம் போடுங்கள்.

18 ஜனவரி

மார்க்கர் சோதனை பற்றி ஒரு திருத்தம். ரேஞ்சில் விரித்திருக்கிற பாய்மேல் அடித்தால் கிளப் தரையில் பட்டு வழுக்கி வரும், கோடு பொய் சொல்லும். புல்லில் அடியுங்கள். ஒரு பந்தை நம்பாதீர்கள், ஏழெட்டு அடித்து அதில் நன்றாகப் பட்டதை மட்டும் பாருங்கள்.

20 ஜனவரி

முகத்தில் பந்து எங்கே படுகிறது என்று பார்க்க வெளிநாட்டு வீடியோவில் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே காட்டுகிறார்கள், அது எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். அலைய வேண்டாம். குட்டிக்குரா பவுடர் போதும். டிரைவர் முகத்தில் துளி தேங்காய் எண்ணெயை விரலால் இழுத்துவிட்டு மேலே பவுடரைத் தூவி ஊதிவிடுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். எண்ணெய் இல்லாமல் தூவினால் வீசும்போதே பாதி பறந்துவிடும், முதல் தடவை என் மூக்கில்தான் ஏறியது. சோதனை முடிந்ததும் துடைத்துவிடுங்கள், ஆட்டத்தில் முகத்தில் எதையும் பூசிக்கொண்டு அடிக்க விதி இடம் தராது.

டிரைவர் தலையின் கனம் முகத்துக்குப் பின்னால் இருக்கிறது, நடுவில் படாவிட்டால் தலை திருகிக்கொள்ளும். அதனால் ஹீல் பக்கம் பட்ட பந்து வலப்பக்கம் வளைகிற சுழற்சியோடு கிளம்பும், டோ பக்கம் பட்டது இடப்பக்கம் வளையும். வீச்சு நன்றாக இருந்தும் ஹீலில் பட்டே ஸ்லைஸ் (வலப்பக்கம் வளைவது) ஆகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு டிரைவர் நீளம் ஒரு காரணமாக இருக்கும். இப்போது கடையில் டிரைவர் 45½ அங்குலம் வருகிறது. ஸ்டீல் ஷாஃப்ட் காலத்தில் 43தான். நீளம் கூடினால் வேகம் கூடும், நடுவில் படுவது குறையும். ஒரு அங்குலம் கீழே பிடித்துப் பத்துப் பந்து அடித்துவிட்டுப் பவுடரைப் பாருங்கள். நான் பார்த்தேன். முதல் பத்தில் அடையாளங்கள் முகமெல்லாம் சிதறிக் கிடந்தன, அம்மை போட்ட மாதிரி. அடுத்த பத்தில் எலுமிச்சம்பழம் அளவு இடத்துக்குள் வந்துவிட்டன. தூரம் குறைந்ததா என்றால், நாலைந்து கஜம் குறைந்திருக்கும். பந்து கிடைத்தது.

26 ஜனவரி, ஞாயிறு

குன்னூர் சார் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரிப் ஏன் அவ்வளவு தடிமன்? மாமா பெரிய கைக்காரரா?

இடக்கையால் கிரிப்பைச் சாதாரணமாகப் பிடியுங்கள். நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் கட்டைவிரல் அடிச்சதையை லேசாகத் தொட வேண்டும். அழுந்தினால் கிரிப் ஒல்லி, தொடாமல் இடைவெளி விட்டால் தடிமன். உங்கள் படத்தில் ஒரு விரல் அகலம் இடைவெளி. உலக்கையைப் பிடித்த மாதிரி இருக்கிறது.

தடித்த கிரிப் மணிக்கட்டைத் திரும்பவிடாது, முகம் திறந்தே வரும், பந்து வலப்பக்கம் போகும் என்பது ஃபிட்டர்களிடம் பரம்பரையாக வருகிற நம்பிக்கை. எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சின்னக் கைக்கு ஆகும், என் கைக்கு ஆனது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு கிரிப்பை மட்டும் கிழித்துப் பாருங்கள். ஏழாம் நம்பரையே எடுங்கள்.

அதோடு இடக்கை விரல் முட்டிகள் எத்தனை தெரிகின்றன என்று மேலிருந்து பாருங்கள். ஒன்று கூடச் சரியாகத் தெரியவில்லை உங்கள் படத்தில். இரண்டு, இரண்டரை தெரிகிற மாதிரி கையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். இதைச் சொல்ல ஃபிட்டர் வேண்டாம், அங்கேயே இருக்கிற எந்தக் கேடியும் சொல்வார். அவர்களில் பலர் நம்மில் பலரைவிட நன்றாக ஆடுவார்கள். பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் போட்டியையே வென்றார்.

27 ஜனவரி

குன்னூர் சார், கிழித்த கிரிப்புக்குள் நாலு சுற்று டேப்பா! மாமா வாழ்க. அதற்குமேல் தடித்த கிரிப் வேறு. சாதாரண அளவு கிரிப், அடியில் ஒரே ஒரு சுற்று இருபக்க டேப், போதும்.

கடையில் மாட்டக் கொடுத்தால் மறுநாள் வரை வீசாதீர்கள். வீட்டில் நீங்களே மாட்டுவதானால், பழைய டேப்பைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, புது டேப் ஒட்டி, தின்னரை கிரிப்புக்குள் ஊற்றி ஆட்டி டேப்மேல் கவிழ்த்து, ஈரம் காய்வதற்குள் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். பாதியில் நின்றால் முடிந்தது, மேலேயும் வராது, கீழேயும் போகாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மே மாதம் கிளப்பைக் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். தலையை ஷாஃப்ட்டோடு பிடித்திருப்பது எபாக்சி பசை. சூட்டில் அது இளகும். எனக்கு ஐந்தாம் நம்பர் அயனின் தலை ரேஞ்சில் கழன்று பறந்தது. பந்து அங்கேயே இருந்தது, தலை எழுபது கஜம் போனது. அந்த ஐந்தாம் நம்பரை அவ்வளவு நேராக நான் அடித்ததே இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஷாஃப்ட் பற்றிக் கேட்கிறார்கள், எழுதிவிடுகிறேன். இது என் பழைய புண்.

ஷாஃப்ட்டின் விறைப்பைச் சொல்ல ஒரு எழுத்துப் போட்டிருப்பார்கள். ஆர் என்றால் ரெகுலர், எஸ் என்றால் ஸ்டிஃப் (விறைப்பு), ஏ என்றால் வயதானவர்களுக்கு, எல் பெண்களுக்கு, எக்ஸ் என்றால் பீமனுக்கு. இந்த எழுத்துகளுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் போல விறைப்பாக இருக்கும். ரெடிமேட் சட்டையில் 40 என்று போட்டிருப்பது கடைக்குக் கடை மாறுகிறதே, அதே கதை.

தெரிந்தும் நான் எட்டு வருடம் எஸ் ஷாஃப்ட்டில் ஆடினேன். நான் ஸ்டிஃப் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மிதப்பு. ஸ்டீல், ஒவ்வொன்றும் 130 கிராம். முதல் ஒன்பது குழியில் தெரியாது. பதினான்காவது குழியில் வலப்பக்கம் போக ஆரம்பிக்கும். ஆறாவது வருடத்தில் முழங்கை உள்பக்கம் வலி வந்தது, தோசைக் கரண்டியைத் திருப்ப முடியவில்லை. டாக்டர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார், சுத்தியல் வேலையா என்று. அப்படியும் இரண்டு வருடம் இழுத்தேன். பிறகு 65 கிராம் கிராஃபைட் ஆர் மாட்டினேன். வலி போக எட்டு மாதம் ஆனது. தூரம் குறையும் என்று பயந்தேன், குறையவில்லை, கடைசிக் குழிகளில் கூடியது.

விறைப்பைவிடக் கனத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எழுத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு ஐந்தாறு ஷாஃப்ட்டை வீசிப் பார்க்கச் சொல்கிற ஃபிட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

குன்னூர் சார், 52 வயதில் மாமாவின் ஸ்டீலைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி இறங்குவது... சரி, பிறகு சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

9 பிப்ரவரி

"என் ஏழாம் நம்பர் 160 கஜம் போகிறது, உங்களது 135தானா" என்று ஒரு இளைஞர் கிண்டல் செய்திருக்கிறார். தம்பி, லாஃப்ட் குறைந்தால் பந்து தூரம் போகும், உங்கள் ஏழாம் நம்பரின் லாஃப்ட் எத்தனை? கம்பெனி தளத்தில் பாருங்கள், 28, 29 இருக்கும். என்னுடைய பழைய செட்டில் ஏழாம் நம்பர் 35. உங்கள் ஏழு என் ஐந்தின் பேரன். அடியில் போட்டிருக்கிற எண் வீட்டுக் கதவு எண் மாதிரி, மாநகராட்சி நினைத்தால் மாற்றிவிடும்.

இதில் கிண்டலைத் தாண்டி ஒரு சிக்கல் உண்டு. புது செட்டில் பிட்ச்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கு வந்துவிட்டது. தனியாக வாங்குகிற சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12, 13 டிகிரிப் பள்ளம். நூறு கஜத்திலிருந்து எண்பதுக்குள் எதை எடுப்பது என்று தெரியாமல் பாதி வீச்சு, முக்கால் வீச்சு என்று தடுமாறுகிறவர்கள் 50 டிகிரியில் ஒன்று வாங்கிவிட்டு மூன்றாம், நாலாம் நம்பர் அயனை வீட்டில் வையுங்கள். பையில் 14 கிளப்தான் அனுமதி, 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த வருடம் பிரிட்டனிலும் வந்த வரம்பு. நான் 12தான் வைத்திருக்கிறேன். தூக்குகிறவர் நன்றி சொன்னார்.

டிரைவருக்கு எதிர்ப்பக்கம். வேகம் குறைந்தவருக்கு லாஃப்ட் கூட வேண்டும். 9 டிகிரி வைத்திருப்பது எஸ் ஷாஃப்ட் மாதிரி இன்னொரு மிதப்பு. நான் 12க்கு மாறினேன், பந்து காற்றில் அதிக நேரம் நின்றது.

9 பிப்ரவரி, சற்றுக் கழித்து

எல்லா அயனும் ஒரே நீளமாக இருந்தால் என்ன என்று கேட்டவருக்கு: இருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ அப்படித்தான் ஆடுகிறார், எல்லாம் ஏழாம் நம்பரின் நீளம். 2020, 2024 இரண்டு யுஎஸ் ஓப்பன் ஜெயித்தார். நண்பர் ஒருவரின் ஒரே நீளச் செட்டை வாங்கி ஒரு மாலை அடித்தேன். ஐந்தாம் நம்பர் எழும்பவில்லை, வெட்ஜ் பறந்தது. டிஷாம்போவின் வேகம் கூடவே விற்பதில்லை.

சின்ன வயதில் கிட்டிப்புள்ளுக்குக் கிட்டி வெட்டுவோமே, அதற்கு யார் பட்டியல் கொடுத்தார்கள்? கொய்யாக் கிளையை ஒடித்து, வீசிப் பார்த்து, கனமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சீவுவோம். என் கிட்டியை என் தம்பி எடுத்தால் அவனுக்கு ஆடவே வராது, அழுவான்.

22 பிப்ரவரி

ஊட்டி. மைத்துனன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் ஜிம்கானா மைதானத்தில் ஒரு காலை. கைக்கடக்கமான குளிர், சுற்றிலும் முள் புதர். 135 கஜத்துக்கு வழக்கம்போல ஏழாம் நம்பர் எடுத்தேன். கேடி எட்டு (தூரம் குறைவாகப் போவது) எடுங்க சார் என்றார். நான் மெட்ராஸ்காரன், கேட்பேனா? பந்து கிரீனை (குழி இருக்கிற புல்தரை) தாண்டி மேட்டில் போய் விழுந்தது. இரண்டாவது தடவை கேட்டேன்.

7,300 அடி உயரத்தில் காற்று மெலிவு, பந்துக்குத் தடை குறைவு. எட்டுப் பத்து சதவீதம் கூடப் போகும், குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இதைக் குன்னூர் சாருக்காக எழுதுகிறேன். அங்கே நீங்கள் அளந்து வைத்திருக்கிற தூரத்தைச் சமவெளியில் இருக்கிற ஃபிட்டரிடம் சொன்னால் உங்களை உண்மையைவிட வேகமான ஆள் என்று நினைத்துக்கொள்வார். தூரத்தைச் சொல்லாதீர்கள், வேகம் அளக்கிற ரேடார் முன்னால் அடித்துக் காட்டுங்கள்.

8 மார்ச், இரவு

குன்னூர் சார் எழுதியிருக்கிறார். எல்லாக் கிளப்புக்கும் கிரிப் மாற்றியாயிற்று, மாமாவிடம் சொல்லவில்லை. இடக்கையைத் திருப்பிப் பிடிக்கிறார். அங்கேயே ஒருவரிடம் நாலு வகுப்பு. முதல் மூன்று வாரம் நரகம், பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியவில்லை. இப்போது டிரைவர் பாதிக்குமேல் மைதானத்துக்குள் விழுகிறதாம்.

புதிய புகார்: ஒன்பதாம் நம்பரும் வெட்ஜும் இடப்பக்கம் போகின்றன. "சார், ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடுகிறதே" என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

இதற்குத்தானே சார் இரண்டு மாதம் காத்திருந்தோம்! கெடவில்லை. அதுவும் அங்கேயேதான் இருந்தது, மற்றது மேலே உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தது. நாளைக்குப் புல்லில் மார்க்கர் கோடு.

9 மார்ச்

படம் வந்துவிட்டது. பிட்ச்சிங் வெட்ஜ் முகத்தில் ஆறு கோடு. ஆறும் டோ பக்கம் சாய்ந்து, காற்றில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி ஒரே பக்கம். 13 ஜனவரி பந்தயத்தில் நான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், சிங்கப்பூர் நண்பர் படிக்காவிட்டால்.

இப்போது வளைக்கலாம். ஆனால் தலை எதனால் செய்தது என்று முதலில் கேளுங்கள். அடித்து உருவாக்கிய மெதுவான கார்பன் ஸ்டீல் என்றால் இரண்டு மூன்று டிகிரி கேட்கும். அச்சில் வார்த்த கடினமான ஸ்டெயின்லெஸ் என்றால் ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு, அதுவும் தெரிந்தவர் கையில். நான் ஒரு கடையில் கொடுத்த வார்ப்புத் தலையை அந்தப் பையன் பைப் ரிஞ்ச் போட்டுத் திருகி, கழுத்தில் கீறல் விழுந்து, அதை என்னிடம் சொல்லாமல் பாலிஷ் போட்டுக் கொடுத்தான். ஊர் பேர் வேண்டாம். வளைக்க அதற்கென்று இறுக்கிப் பிடிக்கிற கருவியும் கோணம் காட்டுகிற அளவியும் உண்டு. அது இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

நீளம்? கீழே பிடித்து ஆடியது சௌகரியமாக இருந்தால் அரை அங்குலம் குறைக்கலாம். ஆனால் குறைத்தால் தலை இன்னும் கொஞ்சம் படுத்த மாதிரி நிற்கும், அரை அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. அதனால் முதலில் நீளத்தை முடிவு செய்துவிட்டு, மறுபடி கோடு போட்டு, மிச்சம் எவ்வளவோ அதை மட்டும் வளையுங்கள்.

16 மார்ச்

முதல் கேள்வியை மறந்தே போனோம். ஃபிட்டிங் பில் ஏற்றுகிற வேலையா? ஏற்றுகிற இடமும் இருக்கிறது. நான் போன ஒரு இடத்தில் மூன்று பந்து அடிப்பதற்குள் உங்களுக்கு இந்தப் புது மாடல்தான் என்று சொல்லிவிட்டார்கள், ஷாஃப்ட்டைத் தொடவே இல்லை. இன்னொரு இடத்தில் ஒரு பெரியவர் முதலில் என் பழைய கிளப்பையே அடிக்கச் சொல்லி, அதை அளந்து குறித்துவிட்டுத்தான் மற்றதை எடுத்தார். தையற்காரரிடம் அளவு ஜாக்கெட் கொண்டுபோவதுபோல உங்கள் பழைய கிளப்பைக் கொண்டுபோங்கள். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காத இடத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

30 மார்ச், ஞாயிறு

குன்னூரிலிருந்து கடைசித் தகவல். அரை அங்குலம் குறைத்தார், தலைக்கு ஆறு கிராம் ஈயம், மறுபடி கோடு, வெட்ஜுக்கும் ஒன்பதுக்கும் ஒரு டிகிரி. கோவையில் கருவி வைத்திருக்கிற ஒருவர் செய்துகொடுத்தார். புது செட் வாங்கவில்லை. ஸ்டீலை மட்டும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார், முழங்கை இன்னும் பேசவில்லையாம்.

அதற்குள் மாமா ஊருக்கு வந்துவிட்டார். ஏழாம் நம்பரை எடுத்துப் பிடித்துப் பார்த்து, "என்னடா இது, ஊதுவத்தி மாதிரி இருக்கு" என்றாராம். நாலு பந்து அடித்தார், நாலும் இடப்பக்கம்.